இங்க ஆள் வருதா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் 61 கிலோமீட்டர். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் நான் பாசஞ்சரில் போவதையே விரும்புவேன். முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது. அதனால் ஏறியவுடன் யாரிடமாவது வாய் திறந்து கேட்டே ஆகவேண்டும்: "இங்க ஆள் வருதா?" பெட்டிக்குள் கால் வைக்கும் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. உடனே ஒரு பை மடிக்கு ஏறும், ஜன்னலோரக் குழந்தை இன்னும் கொஞ்சம் ஜன்னலோடு ஒண்டும், "யாரும் வரல, உக்காருங்க" என்று ஒரு குரல் வரும். எண் போட்ட இருக்கையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள நமக்கு எதுவும் இல்லை.

"மணி என்ன ஆச்சு?" என்பது முன்பு இன்னொரு வாசலாக இருந்தது. செய்தித்தாள் மற்றொன்று. தினத்தந்தி வைத்திருப்பவரிடம் "நடுப்பக்கம் கொஞ்சம் குடுங்க" என்று கேட்க யாரும் கூச்சப்பட்டதில்லை. ரயில் போய்ச் சேர்வதற்குள் அது தாள் தாளாகப் பிரிந்து பெட்டி முழுக்கச் சுற்றி, கசங்கி, வாங்கியவர் கைக்கே திரும்பி வரும். கைபேசி இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டது. அதற்காக நான் புலம்பப் போவதில்லை. துபாயில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போகும் ஒரு தாயிடம், அதை அணைத்துவிட்டு என்னோடு பேசுங்கள் என்று யார் சொல்ல முடியும்? ஆனால், முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க இப்போது நாமாகவே ஒரு காரணம் தேடவேண்டியிருக்கிறது. நான் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான். எதிரில் இருப்பவரின் கையிலோ காலடியிலோ இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்பேன். பேச்சுக்காகக் கேட்கிற கேள்வியாக அது இருக்கக்கூடாது. எனக்கு நிஜமாகவே தெரியாததாக, தெரிந்துகொண்டால் பயன்படுவதாக இருக்கவேண்டும்.

1923-இல் திறந்த பாதை இது. தாமிரபரணியின் தென்கரையோடு சேர்ந்து கடலைப் பார்த்து ஓடுகிறது. வழியில் ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் வைணவத் திருப்பதிகள். நாசரேத் மிஷனரிகள் வளர்த்த ஊர். காயல்பட்டினத்தில் தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். கடைசியில் அலையோரம் முருகன். அதனால் இந்த ரயிலில் ஏறுகிற கூட்டமும் அப்படித்தான் இருக்கும். பச்சை வேட்டி கட்டி விரதமிருப்பவர், கைப்பையில் பைபிள் வைத்திருக்கும் ஆசிரியை, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர், மொட்டை போடப்போகும் குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் அப்பா எல்லோரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். எனக்கு எதிரே அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா. காலடியில் மூடி போட்ட ஓலைப்பெட்டி. வேகமாகப் போகிற ரயிலில் அது நகர்ந்துவிடாதபடி இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கி வைத்திருந்தார். அதன் நான்கு மூலைகளும் அளந்து வைத்தது போல நேராக இருந்தன.

"பெட்டி நீங்க முடைஞ்சதா?"

"நானா? எனக்கு மூலை ஒழுங்கா வராது. எங்க மைனி மொடஞ்சது" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "கருப்பட்டி கொண்டு வந்தேன். டவுன்ல நாலு வீடு உண்டு, நம்மகிட்டதான் வாங்குவாவ. இது மிச்சம்."

எனக்கு வெகுநாளாகத் தெரியாத ஒன்று இருந்தது. கடையில் வாங்கும் கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து, சிரட்டை வடிவத்தில் இருந்த ஒரு கருப்பட்டியை எடுத்து, முந்தானையில் சுற்றி, இருக்கையின் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாக உடைந்தது. உடைந்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இங்கன பாருங்க. மங்கலா இருக்கு, பாத்தியளா? சீனி போட்டதுன்னா பொடிப்பொடியா மினுங்கும். இப்பம் வாயில போடுங்க. கடிக்காதிய. பைய கரையட்டும். தித்திப்பு மொதல்ல வரும். எல்லாம் போன பொறவு லேசா ஒரு கரிப்பு நிக்கணும். அது நின்னாத்தான் பனை."

நின்றது. நாக்கின் அடியில், இனிப்பெல்லாம் இறங்கிய பிறகு, உப்பென்றும் சொல்ல முடியாத ஒரு சுவை.

அதற்குள் மொட்டைக்குப் போகும் குழந்தை கை நீட்டிவிட்டது. காதில் இயர்போன் மாட்டியிருந்த கல்லூரிப் பெண்ணுக்கும் ஒரு துண்டு போனது. அவள் ஒரு காதை மட்டும் விடுவித்து, "எங்க பாட்டி காப்பிக்கு இதத்தான் போடுவாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி, "உடன்குடிதானே?" என்று சரியாகச் சொன்னார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த ஓலைப்பெட்டியில் முத்திரையோ சீட்டோ இல்லை. உடைத்துக் காட்டுவதுதான் அவருடைய சான்றிதழ்.

ரயிலில் முன்பின் தெரியாதவர் கொடுப்பதைத் தின்னாதீர்கள் என்று ரயில்வேயே அறிவிக்கிறது. அது தேவையான எச்சரிக்கைதான். மயக்க பிஸ்கட்டில் நகையையும் பணத்தையும் இழந்தவர்கள் உண்டு. தனியாகப் போகும் பெண்ணாக நான் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறேன். வலியக் கொண்டுவந்து திணிப்பதை வாங்குவதில்லை. எங்கே தங்கப்போகிறேன் என்பதைச் சொல்வதில்லை. பேச்சைத் தொடங்குவது நானாக இருந்தால் முதலில் பெண்களிடமும் பெரியவர்களிடமும் தொடங்குவேன். ஒரு பெட்டி முழுக்கப் பார்த்திருக்க, குழந்தையும் தின்று, கொடுத்தவரும் தின்ற கருப்பட்டியை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. மறுத்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். இறங்குவதற்கு முன் மிச்சமிருந்த ஒரு கிலோவை அவர் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டேன். அந்த விலையில் பேரம் பேசக்கூடாது.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு எந்தூரு?"

சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?"

இந்த வரிசை எங்கே போய் நிற்கும் என்பது தென்மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஊர் விசாரிப்பது நம்மிடம் அன்பான வழக்கம். "எந்த ஊர்" என்று கேட்டு, அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்லி, இரண்டே நிமிடத்தில் உறவு கொண்டாடிவிடுவார்கள். அதே கேள்வி இன்னும் இரண்டு படி இறங்கினால் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, மாணவர்கள் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பிள்ளைகள் கயிற்றில் தேடுவதைத்தான் பெரியவர்கள் தெருப் பெயரில் தேடுகிறோம். பயணத்தில் மனிதர்களோடு பேசுங்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நான் யாரிடமும் தெருவைக் கேட்பதில்லை. என்னிடம் கேட்டால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. கேள்வியை வேலையின் பக்கம் கொண்டுபோய்விடுவேன்.

"அப்பா கணக்கு வாத்தியார். நாப்பது வருசம் பாடம் எடுத்தார். நீங்க என்ன வேலை பாக்கிய, அண்ணாச்சி?"

ஒரு கணம் தயங்கினார். பிறகு, "மோட்டாருக்குக் காயில் கட்டுதேன். நாசரேத்துல பட்டறை" என்றார். விரல்களைக் காட்டினார். வார்னிஷ் ஏறி, நகக்கண்ணெல்லாம் செம்பு நிறம். எரிந்துபோன காயிலைக் கழற்றும்போது சுற்றை எண்ணிக்கொண்டே கழற்றவேண்டுமாம். சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகிவிடும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால்? "பதில் சொல்ல மாட்டேன். வீட்டுல இருந்து போன் வந்தாலும் எடுக்க மாட்டேன். எல்லாருக்கும் தெரியும்." 2023 டிசம்பரில் இந்தப் பக்கம் வந்த வெள்ளம் வடிந்த பிறகு தண்ணீர் மோட்டார்கள் சேறும் சகதியுமாக வந்து குவிந்தன. பட்டறைக்குள் இடமில்லாமல் வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்களாம். "எந்த மோட்டார் எந்த வீட்டுதுன்னே தெரியல. எல்லாத் தெரு மோட்டாரும் கலந்து கெடந்துச்சு. குடிக்கத் தண்ணி வேணும்லா? மொதல்ல எது கையில வந்துச்சோ அதக் கட்டுனேன்." அதற்கு மேல் அவர் என் அப்பா பெயரைக் கேட்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் காயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

சிகாகோவின் புறநகர் ரயில்களில் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஒரு பகுதிப் பயணிகளைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள்; ஒரு பகுதியைப் பேசாமல் தனியே இருக்கச் சொன்னார்கள். பேசாமல் போவதுதான் சுகம் என்பதே மக்களின் எதிர்பார்ப்பாக இருந்தது. பயணம் முடிந்து கேட்டபோது, பேசியவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்தது என்றார்கள். எனக்கு இதில் பிடித்தது அவர்கள் சொன்ன காரணம். பேசலாம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அதில் விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் அப்படி நினைத்தால் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேரவேண்டியதுதான். நம் பாசஞ்சரில் அந்தத் தயக்கம் இன்னும் அவ்வளவாக வரவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினேன். இந்த நிலையத்தைப் பார்க்கவேண்டும் என்று வெகுநாள் ஆசை. 2023 டிசம்பர் 17 இரவு, சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸை நிலைய அதிகாரி ஜாபர் அலி இங்கேதான் நிறுத்தினார். செய்துங்கநல்லூருக்குப் போகும் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நேரம் அது. ரயிலில் சுமார் 800 பேர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் நிலையத்திலும் பெட்டிகளிலும் 19-ஆம் தேதி மீட்கப்படும் வரை இருந்தார்கள். நிலையத்தை ஒட்டிய புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் ஊருக்குள்ளும் வெள்ளம்தான்.

நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். சுவரில் மூன்று பேர் சேர்ந்து தூக்கவேண்டிய ஒரு அண்டாவைக் கவிழ்த்துச் சாய்த்து வைத்திருந்தார்.

"அக்கா, இம்புட்டுப் பெரிய அண்டா டீக்கடைக்கு எதுக்கு?"

"கடைக்கு இல்ல தாயி. கோயில் கொடைக்கு உள்ளது. அங்க எடமில்லன்னு இங்கன கெடக்கு." ஒரு கிளாஸைக் கழுவி வைத்தார். "ரயிலுக்கு ஆக்குனதும் இது மாதிரிதான்."

நான் வெள்ளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்திருப்பார்கள், கையில் மைக்கோடு. நான் கேட்டது அளவு. அத்தனை பேருக்குச் சோறு என்றால் எவ்வளவு தண்ணீர் வைப்பது, ஈர விறகை எப்படி எரிய வைப்பது? அந்தக் கேள்விகளுக்கு அவர் முகம் மலர்ந்தது. அளவெல்லாம் பார்க்கவில்லை என்றார். எந்த வீட்டு அரிசி என்று பார்க்காமல் பச்சரிசியும் புழுங்கலும் சேர்ந்தே கொட்டப்பட்டதால் ஒரு பாதி குழைந்தது, ஒரு பாதி வேகவில்லை. ஒரு வீட்டில் பழைய கதவு கிடந்தது. அதை உடைத்துத்தான் முதல் அடுப்புப் பற்றியது.

"கரண்டு இல்ல, போன் இல்ல. ரயிலு நிக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே விடிஞ்ச பொறவுதான். பொட்டிக்கிட்ட போயி மொதல்ல கேட்டது, கைப்புள்ள எத்தன இருக்குன்னுதான். பெரியாளு பசி தாங்கிக்கிடும். பாலுக்கு என்ன செய்ய?"

கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வயசான அம்மா எங்க வீட்டுத் திண்ணையிலதான் படுத்துக் கெடந்தாவ. செங்கல்பட்டுப் பக்கம்னு சொன்னாவ. சுகர் மாத்திரை இல்லாம தவிச்சாவ. வண்டி வந்ததும் எல்லாரும் அவசரமா ஏறிப் போயிட்டாவ. பேரு கேக்கல. இப்பம் அந்தப் பக்கம் யாராச்சும் போனா, நல்லா இருக்காவளான்னு கேக்கத் தோணுது. யாருன்னு சொல்லிக் கேக்க?"

பெயரும் ஊரும் கேட்காமல் சோறு போட்டதைப் பெரிய குணமாகப் பத்திரிகைகள் எழுதின. அது உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதை ஒரு குறையாக அவர் இன்னும் மனதில் வைத்திருக்கிறார் என்பதும் உண்மை. நான் செங்கல்பட்டுப் பக்கம் அடிக்கடி போகிறவள். ஆனால் அவருக்கு என்னால் ஆவது ஒன்றும் இல்லை. இன்னொரு டீ கேட்டேன். காசு வாங்க மறுத்தார். வாதாடி இரண்டு டீக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து பஸ்ஸில் ஆழ்வார்திருநகரி பக்கம்தான். பேச்சைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இந்த ஆற்றங்கரை நல்ல இடம். குமரகுருபரர் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில். ஐந்து வயது வரை பேசாத பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள், அங்கே முருகன் அருளால் வாய் திறந்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பதினாறு வருடம் பேசாமல் இருந்தவர் நம்மாழ்வார். பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்து அயோத்தி வரை யாத்திரை போயிருந்த மதுரகவி, தெற்கே ஒரு ஒளியைப் பார்த்து அதைத் தொடர்ந்து வந்து இந்த மரத்தடியில் நின்றார் என்று வைணவ மரபு சொல்கிறது. ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார்; கண் திறந்தது. பிறகு உயிரையும் உடலையும் பற்றித் தன்னை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வியைக் கேட்டார். பதில் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, ஊர் பேர் கேட்கவில்லை. தனக்கு விடை தெரியாத, விடை தேவையான கேள்வியைக் கேட்டார். வயதில் மிகவும் மூத்த பயணி ஒருவர் ஒரு பதினாறு வயதுப் பையனிடம் கேட்டது அது. பயணத்தில் தொடங்கிய உரையாடல்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

உறங்காப்புளி என்று பெயர் பெற்ற அந்தப் புளியமரம் இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த துண்டு, அதன்மேல் ஒரு புகைப்பட உறை. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பொருள் கையில் இருந்தாலும் கேட்கக்கூடாத நேரங்கள் உண்டு. கண்ணை மூடியிருப்பவர், விரலால் எதையாவது தடவிக்கொண்டே இருப்பவர், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறவர் என்று சிலர் இருப்பார்கள். முதல் பதிலிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வியை எறிந்து பார்ப்பது அத்துமீறல். கோயிலுக்குப் போகும் வழியில் எல்லோரும் சந்தோஷமாகப் போவதில்லை.

திருச்செந்தூரைப் பற்றிச் சொல்ல இங்கே அவசியமில்லை. இரவு அங்கே தங்கிவிட்டு, விடியும் முன்பே உடன்குடிப் பக்கம் கிளம்பினேன். ரயிலில் வந்த அம்மா, நான் இறங்குவதற்கு முன் தன் கைபேசியைக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்து ஓர் எண்ணை வாசிக்கச் சொல்லியிருந்தார். "எங்க கொழுந்தன் இன்னும் பனை ஏறுதாவ. நான் சொன்னேன்னு சொல்லுங்க. காலைலயே போயிரணும். வெயில் ஏறுனா பதனி புளிச்சிரும்." இந்த ஒரு வாக்கியம் போதும். முன்பின் அறியாத ஊரில், அறியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "பெட்டிக்காரம்மா சொன்னாங்க" என்று சொல்லும் உரிமை அதில் கிடைத்துவிடுகிறது.

செம்மண் தேரியின் ஓரம். பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த விடிலி. அங்கேதான் பதநீர் காய்ச்சுவார்கள். அவர் ஏற்கெனவே பாதிப் பனைகளை முடித்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், மார்பிலும் முழங்கை உட்புறத்திலும் மரம் உரசி உரசிக் காய்த்த தோல். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு பனையிலும் ஏறி பாளையைச் சீவிவிடவேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொண்டு சுரப்பு நின்றுவிடும். காய்ச்சலோ கல்யாணமோ, ஏறித்தான் ஆகவேண்டும்.

அவருடைய மனைவி அகன்ற தாச்சியில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது, நசுக்கிய ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை போட்டார். பொங்கியது அப்படியே அமர்ந்தது. நிறம் பொன்னாகி, பழுப்பாகி, துடுப்பில் இழுபட ஆரம்பித்ததும் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். உருளவில்லை. மறுபடி கிண்டினார். மறுபடி ஒரு சொட்டு. அந்தச் சில நிமிடங்கள் மூன்று பேரும் எதுவும் பேசவில்லை. மூன்றாவது சொட்டு உருண்டு நின்றதும் தாச்சி இறங்கியது. வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். ஊற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கிய?"

"எழுதுறேன்."

"எழுதுனா துட்டுத் தருவாவளா?" என்று கேட்டது அவர் கணவர். "ஒண்ணுக்கு எம்புட்டு?"

நான் தொகையைச் சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. ஒருவரின் கூலியை, உடம்பின் காய்ப்பை, மகன் ஏன் சென்னை மளிகைக் கடைக்குப் போனான் என்பதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். என் முறை வரும்போது மூடிக்கொள்வது நியாயமில்லை. எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டு, "அப்பம் ரெண்டு பேரு கூலியும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கி" என்றார். அதன் பிறகுதான் அவர் பேச்சில் ஒரு வேண்டுதல் வந்தது.

அருவாப்பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்து என் கையில் கொடுத்தார். எடை குறைவு, வாய் மயிரிழை. "இது தேஞ்சு போச்சு. நான் வாங்குற எடத்துல அடிச்சவரு போன வருசம் எறந்துட்டாரு. அவுக பையன் கம்பிக் கதவு அடிக்கான், இது அவனுக்கு வராது. கடையில விக்கிறது பாளையக் கிழிக்கி, சீவ மாட்டேங்கி. நீங்க நாலு ஊரு போறவுக. யாராச்சும் இத அடிக்கிறவுக இருந்தா கேட்டுச் சொல்லுவியளா?"

என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் அரிவாளைத் தாளின்மேல் படுக்க வைத்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, வளைவு மாறாமல் சுற்றிலும் வரைந்தார். வாய் எந்தப் பக்கம், கனம் எந்தப் பக்கம் என்று இரண்டு இடங்களில் அழுத்திக் காட்டினார். கைப்பிடிக்கு எவ்வளவு இரும்பு விடவேண்டும் என்பதைத் தன் விரல்களால் அளந்து குறித்தார்.

சாத்தான்குளம் போகும் பஸ் வந்தது. டிக்கெட் கிழித்த கண்டக்டரிடம்தான் முதலில் தாளைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் பாளை அரிவாள் அடிக்கிற பட்டறை ஏதாவது உண்டா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரியாது என்றார். திருப்பித் தராமல், பின்னால் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி அதையே கேட்டார். தாள் ஒவ்வொரு கையாக மாறிப் பின் இருக்கை வரை போனது. அங்கிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது.

"மெஞ்ஞானபுரத்துல ஒருத்தன் இருக்கான். எறங்குங்க, நான் காட்டித் தாரேன்."

மெஞ்ஞானபுரத்தில் இறங்கிக்கொண்டேன்.